கால் மணி நேர இங்கிலீஷ்

சாம்பல் புதனன்று மதியம், சங்குமுனை மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்ததும், எங்கள் ஊர்க் கப்பல்காரர்களின் மனைவிமார் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் இங்கிலீஷ் பேசத் தொடங்கினார்கள். சாளை மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவள் பாதிக் கேள்வியில் இங்கிலீஷுக்குப் போனாள், பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தவள் அடுத்த வசவை இங்கிலீஷில் விட்டாள், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு செபம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஆமென் மட்டும் தமிழிலா இங்கிலீஷிலா என்று தெரியாமல் முடித்தாள். கால் மணி நேரம் கழித்து அது எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. மறுநாளும் மதிய மணி அடித்தது, மறுநாளும் வந்தது. முதல் நாள் சிரித்தோம், இரண்டாம் நாள் உட்கார்ந்து கேட்டோம், மூன்றாம் நாள் சந்தேகப்பட ஆரம்பித்தோம். எங்கள் ஊருக்கு எது வந்தாலும் மூன்றாம் நாளில் அது சந்தேகமாகிவிடும்.

என் பெயர் ததேயு. கோயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஊரில் எழுதவேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும், அதனால் இந்த விஷயத்திலும் நோட்டு என் கைக்கே வந்தது. சங்குமுனையில் ஆண்கள் கப்பலில் வேலை பார்ப்பார்கள், பெண்கள் அவர்களை நம்புவார்கள். இரண்டும் கஷ்டமான வேலை, இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன்தான் ஆறுதல். இங்கிலீஷ் வந்த பிறகு அந்த ஆறுதலும் கெட்டது. பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டோம். இது பேய் வேலையில்லை, பரிசுத்த ஆவி அப்போஸ்தலர்களுக்கும் இப்படித்தான் பாஷை கொடுத்தார் என்று முதலில் சொன்னார், பிறகு கொஞ்சம் யோசித்து, ஆனால் அப்போஸ்தலர்கள் பேசியது கேட்டவர்களுக்குப் புரிந்தது என்று அவரே தன் பேச்சின்மேல் சந்தேகத்தைப் போட்டுக்கொண்டு, எதற்கும் ஈஸ்டர் வரை பார்ப்போம் என்று உள்ளே போய்விட்டார்.

எங்களைக் குழப்பியது அது இங்கிலீஷாக இருந்தது அல்ல. ஒருத்தியின் இங்கிலீஷ் இன்னொருத்தியின் இங்கிலீஷ் மாதிரி இல்லை என்பதுதான். இங்கிலீஷ் என்றால் ஒன்றுதான், அது கான்வென்ட் மதர் பேசுவது, மற்றதெல்லாம் தப்பு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஒருத்தி மூக்கால் இழுத்தாள், ஒருத்தி ரகரத்தை வாய்க்குள் போட்டு உருட்டினாள், ஒருத்தி பாட்டாகவே பாடினாள், ஒருத்தி எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் ‘லா’ என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கான்வென்ட்டிலிருந்து ஐவி மிஸ் வந்து வரிசையாகக் கேட்டுவிட்டு, முப்பத்தொன்றும் தப்பு என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் இன்னாசி போசன் வாயைத் திறந்தார். கப்பலில் மேல்தட்டு ஆட்களுக்கெல்லாம் தலைவனாக இருப்பவனைப் போசன் என்பார்கள். இவர் அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்து, கால் படாத துறைமுகம் இல்லை என்று பேர் வாங்கி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஊரோடு உட்கார்ந்தவர். மாலுமி சங்கத்து வராந்தாவில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஸ்டெல்லா பேசியதைக் காட்டி, “இது லிவர்பூல்” என்றார். மார்த்தாளைக் காட்டி, “இது லாகோஸ், கப்பல் உள்ள வர ஒம்பது நாள் வெளிய நிப்பாட்டிப் போட்டானுவ, எனக்குத் தெரியாதா?” என்றார். லா போட்டவளுக்குச் சிங்கப்பூர். வாய்க்குள் உருட்டியவளுக்குக் கிளாஸ்கோ. அந்தந்த வீட்டுக்காரன் அந்தந்தப் பக்கம்தான் போயிருந்தான் என்பதும் தெரிந்தபோது, எங்களுக்கு விஷயம் பிடிபட்டது: கணவன் அங்கே காதால் எதைக் கேட்கிறானோ, அது இங்கே மனைவியின் வாயில் வருகிறது.

அன்று முதல் சங்கத்து வராந்தாவில் காது வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பதினொன்றரைக்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுவிடுவோம், முறை வந்தவள் மாமியார் நாத்தனாரோடு வந்து உட்காருவாள், மணி அடிக்கும், அவள் பேசுவாள், போசன் கண்ணை மூடிக் கேட்டு ஊர்ப் பெயரைச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். கணவனிடம் மட்டும் இதைப் போனில் சொல்லக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. “சொன்னா உஷாராயிருவான்” என்றார் போசன், பெண்களும் தலையாட்டினார்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படாத மனைவி அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தியும் இல்லை.

போசன் காதுமேல் அரைகுறை நம்பிக்கை வைத்திருந்தவர்களையும் அல்போன்சாள் விஷயம் அடக்கிவிட்டது. அவள் கணவன் சூசை நார்வே பக்கம் எண்ணெய்க் கப்பலில் இருப்பதாகத்தான் ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அல்போன்சாள் நாலு வாக்கியம் பேசியதுமே போசன், “இது நார்வேயும் இல்ல, கோர்வேயும் இல்ல. இது மெட்ராஸ் இங்கிலீஷ். மண்ணடிப் பக்கம் லாட்ஜுல தேடுங்க” என்றார். அவள் தம்பிமார் பஸ் ஏறிப் போய், கப்பலைத் தவறவிட்ட வெட்கத்தில் லாட்ஜில் முடங்கிக் கிடந்த சூசையை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் ஊருக்குள் கால் வைத்த நாளிலிருந்து அல்போன்சாளுக்கு மட்டும் இங்கிலீஷ் வரவில்லை. இன்ன நாள் மதியம் லாட்ஜ் மேனேஜர் இன்னின்னது சொன்னானா என்று கேட்டதற்கு, ஆமாம் ஆமாம் என்றான். பிறகு வேறு எதையோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதை நான் பார்த்தேன், பார்த்தும் என்னவென்று கேட்கவில்லை, அந்தக் குற்றம் இன்றுவரை என்னை அறுக்கிறது.

இதற்கிடையில் பெண்கள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கால் மணி நேரம் அவர்கள் என்ன பேச நினைத்தாலும், நினைத்தது வெளியே வராமல் இங்கிலீஷ்தான் வந்தது. அதாவது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஊரில் ஒருவர் காதிலும் விழாது. பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் இருக்கிறார், இதில் அதுவும் இல்லை. மாமியாரை, நாத்தனாரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கணவனை, பன்னிரண்டு மணிக்கு வாயைத் திறந்து மனசில் உள்ளதையெல்லாம் கொட்டினார்கள், கொட்டிவிட்டு லேசான முகத்தோடு சோறு வடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படி அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

தெக்லாவின் முறை இரண்டாம் வாரம் வந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம், இருபத்துநாலு வயது, அதிகம் பேசாதவள். கணவன் கஸ்மீர் கப்பல் சமையலறையில் உதவியாள், இங்கிலாந்தைச் சுற்றி ஓடும் சரக்குக் கப்பல், மாமியார் மரியதங்கத்தோடு இவள் கோயில் தெருவில் இருந்தாள். மணி அடித்தது. “கஸ், ஆனியன்” என்றாள். “கம், கஸ்” என்றாள். அவ்வளவும் குழைவாக, வார்த்தைக்கு வார்த்தை தாலாட்டுகிற மாதிரி இருந்தது.

“மனிலா” என்றார் போசன்.

கால் மணி முடிந்து தமிழ் திரும்பியதும் தெக்லா, “அவிய இங்கிலாந்து பக்கம் ஓடுத கப்பல்ல இருக்காவ மாமா” என்றாள்.

“ரிப்பேருக்குப் போட்ட கப்பல்ல எட்டு மாசம் மனிலால கெடந்தவம்மா நான். அந்த ஊரு பேச்ச அந்த ஊர்ல தவிர வேற எங்கயும் நான் கேட்டதில்ல. ஒம் புருஷன் மனிலால இருக்கான்.”

கஸ்மீரைக் கஸ் என்று பெற்ற தாய்கூடக் கூப்பிட்டதில்லை. வராந்தாவில் இருந்த எல்லோரும் அந்தக் கஸ்ஸை ஆளுக்கொரு வாய் மென்று பார்த்தோம். நான் நோட்டில் தெக்லாவின் பெயருக்கு நேராக மனிலா என்று எழுதினேன், எழுதிவிட்டு அடியில் ஒரு கோடும் போட்டேன், ஏன் போட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அவள் வீட்டு வாசலில் கூட்டம். நாளுக்கு நாள் அந்தப் பேச்சு நெருங்கிக்கொண்டே வந்தது. மூன்றாம் வாரம், ஏன் சரியாகத் தூங்கவில்லை என்று கேட்டது. நாலாம் வாரம், “டோன்ட் க்ரை, கஸ்” என்றது. ஐந்தாம் வாரத்திலிருந்து தினமும் ஒரே பேச்சு: “ஈட், கஸ், ஈட்.” நான் மரியதங்கத்துக்கு அதைத் தமிழில் சொன்னேன், அழாதே என்கிறாள், சாப்பிடு சாப்பிடு என்கிறாள் என்று, ஊரில் யாரைக் கேட்டாலும் அது ‘அவள்’தான், வெள்ளைச் சோறு ஆக்கிப்போடுகிற மனிலாக்காரி, அவளுக்கு மல்லிகை மாதிரி ஒரு முகம்கூட நாங்கள் கொடுத்துவிட்டோம்.

“எம் மவன் எதுக்கு அழுதான்?” என்று கேட்டாள் மரியதங்கம்.

சரியான கேள்வி அது ஒன்றுதான், அதை அவள் ஒருத்திதான் கேட்டாள், நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. தாய்க்காரி மகனுக்குத்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கஸ்மீர் போன் செய்தபோது பக்கத்து வீடுகளெல்லாம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டன. ஸ்பீக்கரில் போடு என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

“ஒங்ககூட யாரு இருக்கா?”

“யாரு இருப்பா, கப்பக்காரங்கதான். ஏன், ஊர்ல என்னப் பத்தி யாராச்சும் எதுவும் சொன்னாவளா?”

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் இல்ல. ஒனக்கு எங்கிட்ட கேக்கதுக்கு ஒண்ணும் இல்லியா?”

“ஒங்களுக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் இல்லியா?”

அதோடு லைன் போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு என்று நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். தெக்லாவின் அப்பா பக்கத்து ஊரிலிருந்து வந்தார், ஈஸ்டர் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், விஷயத்தை மேற்றிராசனத்துக்கு, பிஷப் வரை கொண்டுபோவேன் என்று சாமியாரிடமே சொல்லிவிட்டுப் போனார். தெக்லா தன் சேலைகளை மடித்து ஒரு பையில் கட்டிக் கதவோரம் வைத்தாள். பை கட்டும்போது அழுதாள் என்று மரியதங்கம் சொன்னாள். கஸ்மீருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அவளுக்கும் அவன் என்றால் உயிர், எங்கள் தெருவில் யாரும் மறுக்க முடியாத விஷயம் அது, அதனால்தான் அவ்வளவு வலித்தது.

பெரிய வியாழனன்று மதியம் மணி அடித்தபோது தெக்லா வாசலுக்கு வரவில்லை, அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். வழக்கமான ஈட் கஸ் ஈட் கேட்டது. பிறகு திடீரென்று அவள் வாய் பதறியது: “கஸ்? கஸ்! வாட் ஹேப்பன்ட், கஸ்?” அதையே நாலைந்து தடவை சொன்னது, யாரையோ தோளைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. கால் மணி முடிந்தது. வெளியே வந்த தெக்லாவின் முகம் வெளுத்திருந்தது, நாங்கள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

அன்று சாயங்காலப் பூசையில் மணியை அடித்து நிறுத்தினார்கள். பெரிய வியாழனில் நிறுத்தினால் ஈஸ்டர் வரை எங்கள் கோயிலில் மணி கிடையாது, மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். பெரிய வெள்ளி மதியம் பலகை தட்டினார்கள், முப்பத்தொரு பெண்களும் தமிழே பேசினார்கள். ஈஸ்டர் ஞாயிறு மதியம் மணி அடித்தது, அப்போதும் தமிழே பேசினார்கள். சிலர் உபதேசியாரிடம் இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வரவில்லை. எங்கள் ஊரில் நடந்தது அவ்வளவுதான், அது ஏன் வந்தது ஏன் போனது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, நாங்கள் தெக்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கஸ்மீரிடமிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை. தெக்லாவின் அப்பா வந்து நின்றபோது, “நேருல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினாள். பை கட்டியபடி கதவோரத்திலேயே இருந்தது. ஒவ்வொரு கப்பல்காரனாக ஊருக்கு வரத் தொடங்கினான், வந்தவர்கள் மனைவிமாரிடம் வழக்கத்துக்கு மாறாக மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதுவும் எங்களுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் மாசம் ஒரு மதியம், மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்து, கஸ்மீர் ஆட்டோவில் வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். நாங்கள் பின்னாலேயே போனோம், போசனை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன், நோட்டையும் எடுத்துக்கொண்டேன். மரியதங்கம் மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தெக்லா சோறு போட்டு, வாளைமீன் குழம்பை ஊற்றித் தட்டை வைத்தாள். அவன் கை வைக்கவில்லை.

அவன் போன் அடித்தது, வீடியோ கால். எடுத்து எதிரே செம்பில் சாய்த்து வைத்தான். திரையில் வெள்ளை ஏப்ரன் கட்டிய, மீசை வைத்த, கழுத்தே இல்லாத ஒரு தடி ஆள். தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில், “ஹோம், கஸ்?” என்றான். தட்டைப் பார்த்தான். “ஈட், கஸ், ஈட்” என்றான்.

வாசலில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து போசன் எழுந்துவிட்டார்.

“யாருல அது?”

“ரோடெல், மாமா. எங்க கப்பல் குக்கு. மனிலாக்காரரு.”

“கப்பலு எங்க?”

“இங்கிலாந்து பக்கம்தான். எங்க கப்பல்ல பதினாலு பேரு மனிலாக்காரங்க, நாலு பேரு உக்ரைன், ஒருத்தரு கானா, நான் ஒருத்தன்தான் நம்மூரு.”

போசன் மெதுவாக உட்கார்ந்தார். “எங்க காலத்துல கப்பல் பூரா நம்மாளுவதான் இருப்போம்” என்றார். “ஒவ்வொரு இங்கிலீசையும் கரையில எறங்கித்தான் கேப்போம். ஊரு இல்லாம தண்ணிக்கு நடுவுல அது ஓடும்னு எனக்குத் தெரியாதே.” என் கையிலிருந்த நோட்டைத் துழாவிப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். நான் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன், செத்துவிடலாம் போலிருந்தது.

தெக்லா போனை அணைத்தாள். “அப்ப ஏன் அழுதீய?” என்றாள்.

“நான் அழுதது ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் கஸ்மீர். அவள் சொன்னாள், சாம்பல் புதனிலிருந்து பெரிய வியாழன் வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு அவன் பங்குக்குச் சொன்னான்.

“எனக்கும் தெனம் ஒரு கால் மணி நேரம் வந்துது. நீ எம் வாயில பேசுன. மொத மொத, தொட்டில தண்ணி ஒழுகுதுன்ன, அம்மைக்கு முட்டி வலின்ன. சந்தோசமா இருந்திச்சு, ரோடெல் ஒண்ணும் புரியாம சிரிப்பாரு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா கிறுக்குன்னு எறக்கி விட்ருவானுவ. நின்னு போயிருமோன்னும் பயம். அப்புறம் ஒரு நா, மனிலாக்காரி நல்லா சமைக்காளோன்னு கேட்ட. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் தெனமும் அதான். எம் வாயே என்ன ஏசுது, நான் எப்படிச் சாப்பிட?”

தெக்லா அவன் தொடாத தட்டைப் பார்த்தாள்.

“கடேசி நாளு,” என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் சொல்லவில்லை, அவள் குரலில், அவள் இழுக்கிற இழுப்போடு சொன்னான்: “நீ வராண்டாம். கடலே ஒன்ன வச்சுக்கிடட்டும்.”

வாசலில் முதலில் அல்போன்சாள்தான் திரும்பிப் பக்கத்தில் நின்ற சூசையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா வாயைப் பொத்தினாள். மார்த்தாள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள், நாற்பத்துச் சொச்சம் நாளில் தான் என்னென்ன சொன்னோம் என்று எண்ணியிருப்பாள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். போசனைத் தூக்கி நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று, அதனால் மிச்சத்தையும் நான் பார்க்கும்படி ஆனது.

“பெறகு ஏன் ஒரு போனு பண்ணல?” என்று கேட்டாள் தெக்லா.

“பண்ணா, நேருலயும் அதையே சொல்லிருவியோன்னு.”

அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது, குழம்பில் ஆடை கட்டியிருந்தது. அவளிடமிருந்த தமிழ் எல்லாவற்றையும் அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான், மன்னிப்பும் அதே வாயிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஈட், கஸ்” என்றாள். “ஈட்.”

அவன் திடுக்கிட்டு அவள் வாயைப் பார்த்தான். பிறகு, நாங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்த சந்தேகம் அது, திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்த சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யார் எதைப் பேசினாலும் அது அவரவர் சொந்தப் பேச்சுதான். அவன் சோற்றில் கை வைத்தான்.